படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்காக ஆசிரியருடன் சேர்ந்து செயல்படுவது எப்படி: முதல் சந்திப்பிலிருந்து தேர்வுச் சலுகை வரை

பிள்ளை படிப்பில் பின்தங்குகிறது என்று தெரிந்ததும் பெற்றோர் பலர் உடனே டியூஷனில் சேர்க்கிறார்கள், அல்லது பள்ளிக்குப் போய்க் குரலை உயர்த்துகிறார்கள். பிள்ளைக்கு எது வரவில்லை, ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு இவ்விரண்டிலும் விடை கிடைப்பதில்லை. என் மகள் மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறியபோது முதலில் யாரைப் பார்ப்பது, எந்தக் காகிதங்களை எடுத்துச் செல்வது, எதை எப்போது கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல் நான் அலைய நேர்ந்தது. இப்போது அந்த நிலையில் இருப்பவர்களுக்காகச் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். தொடக்க, நடுநிலை வகுப்புகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பாடத்திட்டம் எதுவானாலும் வரிசை ஏறத்தாழ இதுதான், படிவங்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

1. பிரச்சினையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

“கணக்கே வரவில்லை”, “படிக்க உட்காருவதே இல்லை” என்று சொன்னால் ஆசிரியரால் தலையசைக்கத்தான் முடியும். அவர் ஏதேனும் செய்ய வேண்டுமானால் பிரச்சினை சிறியதாகவும் கண்ணால் பார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

பிள்ளையின் நோட்டில் 402-இலிருந்து 178-ஐக் கழித்து 376 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சரியான விடை 224. இது கவனக்குறைவு போலத் தோன்றினாலும் அப்படியல்ல. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைப் பிள்ளை கழித்திருக்கிறது: 8-இலிருந்து 2 போனால் 6, 7-இலிருந்து 0 போனால் 7, 4-இலிருந்து 1 போனால் 3. அதாவது, கடன் வாங்கிக் கழிப்பது புரியாததால் தனக்கென ஒரு விதியை உருவாக்கிக்கொண்டு அதைப் பிசகாமல் பின்பற்றுகிறது. இதற்கு நூறு கணக்கு கூடுதலாகக் கொடுத்தால் தவறான விதிதான் உறுதிப்படும். பத்துகளையும் நூறுகளையும் பிரித்துக் காட்டி இட மதிப்பை மீண்டும் கற்பித்தால் இந்தப் பிழை போய்விடும்.

வாசிப்புக்கும் இது பொருந்தும். பாடப்புத்தகத்திலிருந்து, முன்பே மனப்பாடம் ஆகியிராத ஒரு பத்தியைப் பிள்ளை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கட்டும். அதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எத்தனை சொற்களைச் சரியாக வாசித்தது என்று எண்ணுவதோடு, எங்கே தடுக்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்றோ ‘காடி’ என்றோ வாசிக்கும் பிள்ளை, எழுத்தின் இரு புறமும் வரும் குறிகளைச் சேர்த்துப் பார்க்கப் பழகவில்லை. ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று வாசித்தால் அது வேறு வகைப் பிழை. முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பது இன்னொரு வகை.

இன்னொரு சோதனையையும் கட்டாயம் செய்யுங்கள். அறிவியலிலோ சமூக அறிவியலிலோ பிள்ளை விடை எழுதாமல் விட்ட கேள்விகளை நீங்களே வாசித்துக் காட்டி, வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள். வாயால் சொல்ல முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் அந்தப் பாடத்தில் சிக்கல் இல்லை. வாசிப்பதிலோ எழுதுவதிலோ இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அறிவியலுக்குத் தனி டியூஷன் வைத்துச் செலவழிப்பவர்கள் நிறைய.

2. ஒரு கோப்பு தொடங்குங்கள்

விலை உயர்ந்த கோப்பு எதுவும் வேண்டாம், ஓர் அட்டைக் கோப்பு போதும். அதில் இருக்க வேண்டியவை: கடந்த இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல்களின் நகல், ஆசிரியர் திருத்திய மூன்று நான்கு விடைத்தாள்கள், பிழைகள் தெரியும் நோட்டுப் பக்கங்களின் நகல், விடுப்பு எடுத்த நாள்களின் கணக்கு, பிறந்த நாளிலிருந்து இன்றுவரையிலான முக்கிய மருத்துவச் சீட்டுகள், பள்ளி மாறியிருந்தால் அதன் விவரம். இவற்றோடு, இரண்டு வாரங்களுக்கு வீட்டுப்பாடத்தைத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்த இடத்தில் உதவி தேவைப்பட்டது என்பதை ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஆசிரியருக்கு மிகவும் பயன்படும் காகிதம் இதுவே, ஏனெனில் வகுப்பறையில் அவரால் பார்க்க முடியாதது இது ஒன்றுதான்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, அழகான நோட்டு. கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கத்தை வைத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று சொல்ல முடியாது. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தும் எழுதியதை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டாவது, பெற்றோரோ டியூஷன் ஆசிரியரோ கைப்பிடித்துச் செய்துகொடுத்த வீட்டுப்பாடம். பத்துக்குப் பத்தும் சரியாக வந்தால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்றுதான் வகுப்பாசிரியர் எண்ணுவார். எனவே நீங்கள் உதவிய கணக்குகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அனுப்புங்கள். புள்ளிக்கு என்ன பொருள் என்பதை டைரியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

3. கண், காது, உறக்கம்: இவற்றை முதலில் முடியுங்கள்

பார்வையும் செவியும் சரியாக உள்ளன என்று உறுதிப்படுத்தாமல் வேறு எந்த மதிப்பீட்டுக்கும் பணம் கட்டாதீர்கள். செலவு குறைந்த படியும் இதுதான். அரசு மருத்துவமனைகளிலேயே செய்துகொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்கும் திறன் சளி பிடிக்கும்போது குறைவதும் பிறகு சரியாவதுமாக இருக்கும்; அதனால் வீட்டில் எவருக்கும் சந்தேகம் வராது. ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிய வேண்டிய வயதில் ஒலி மங்கலாகவே காதில் விழுந்தால், எழுத்துக் கற்பது தடைபடும்.

6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரம். இரவு பத்தரை வரை டியூஷனும் வீட்டுப்பாடமுமாக இருக்கும் பிள்ளைக்கு இது எப்படிக் கிடைக்கும் என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பிள்ளை சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, கூப்பிட்டதே தெரியாததுபோல் தொடர்வதாக ஆசிரியர் சொன்னால், பகல்கனவு என்று விட்டுவிடாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்; ஒருவகை வலிப்பும் இப்படித் தோன்றுவதுண்டு.

4. சந்திப்பை எழுத்தில் கேளுங்கள்

பெற்றோர்–ஆசிரியர் கூட்டம் இதற்குரிய இடமன்று. பின்னால் வரிசை நிற்கும். ஆசிரியரிடம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. பிள்ளையின் குறையை மற்றப் பெற்றோர் காதுபடப் பேச வேண்டிவரும். வாசலில் விடும்போதும் கூட்டிப்போகும்போதும் அவசரமாகக் கேட்பதும் பயன் தராது.

டைரியிலோ வாட்ஸ்அப்பிலோ நான்கு வரிகள் போதும்: “வணக்கம் டீச்சர். வாசிப்பில் அவள் எங்கே தடுமாறுகிறாள் என்பதை இரண்டு வாரமாகக் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறேன். வகுப்பில் நீங்கள் கவனித்ததையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அடுத்த வாரம் உங்களுக்கு வசதியான ஒரு நாளில் இருபது நிமிடம் ஒதுக்கித் தர முடியுமா?” இதில் குற்றச்சாட்டு இல்லை, எதைப் பற்றிய பேச்சு என்பதும் எவ்வளவு நேரம் என்பதும் முன்கூட்டியே தெரிவதால் ஆசிரியரும் தயாராக வருவார்.

பருவம் தொடங்கிய மூன்றாம் அல்லது நான்காம் வாரம் நல்ல காலம். அதற்கு முன்னால் ஆசிரியருக்குப் பிள்ளையைச் சரியாகத் தெரிந்திருக்காது. தேர்வு வாரமும் விடைத்தாள் திருத்தி மதிப்பெண் ஏற்றும் வாரமும் வேண்டவே வேண்டாம். முதல் சந்திப்புக்கு வகுப்பாசிரியரைத் தாண்டித் தலைமை ஆசிரியரிடம் நேரே போகாதீர்கள். தினமும் ஐந்து மணி நேரம் பிள்ளையோடு இருக்கப்போகிறவர் வகுப்பாசிரியர்தான்.

5. சந்திப்பில் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்

கோப்பைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த வேலையில் அவன் உடனே தயங்குகிறான்? எதை நன்றாகச் செய்கிறான்? உங்கள் கையில் கூடுதலாகப் பத்து நிமிடம் இருந்தால் அவனுக்கு எதைச் சொல்லித் தருவீர்கள்? மூன்றாம் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அத்தனை மதிப்பெண் பட்டியல்களையும்விடத் துல்லியமாக இருக்கும்.

பிறகு உங்கள் ஒரு நிமிடப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். வீட்டில் நடப்பவற்றில் படிப்பைப் பாதிப்பவை இருந்தால், புதிய குழந்தை, இடமாற்றம், நோய், இழப்பு போன்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். விவரம் முழுவதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டில் பேசும் மொழியும் பள்ளியில் கற்கும் மொழியும் வேறானால் அதை அவசியம் சொல்லுங்கள்; சிக்கல் இரு மொழிகளிலும் இருக்கிறதா, பள்ளி மொழியில் மட்டுமா என்பது பின்னால் முக்கியமாகும்.

“வீட்டில் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்” என்ற பதிலோடு சந்திப்பு முடியப் பார்க்கும். சினம் வேண்டாம், ஆனால் அதோடு எழுந்தும் வந்துவிடாதீர்கள். “கவனிக்கிறேன் டீச்சர், தினமும் பதினைந்து நிமிடம் இருக்கிறது, அதில் எதைச் செய்யட்டும்?” என்று கேட்டால் பேச்சு மீண்டும் செயலுக்குத் திரும்பிவிடும். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது, சென்ற ஆண்டு ஆசிரியரைக் குறை கூறுவது ஆகிய இரண்டையும் தவிருங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அதன் குறையைப் பேசுவது அதைவிடத் தீங்கானது, ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளையானால் கடைசிப் பத்து நிமிடம் அழைத்து, “உனக்கு எது உதவியாக இருக்கும்?” என்று கேட்கலாம்.

6. ஒரே பக்கத்தில் திட்டம்

தேதி குறிக்காமல் முடிந்த சந்திப்பை நடக்காத சந்திப்பாகவே கொள்ளுங்கள். எழுந்திருக்கும் முன் ஒரு தாளில் ஐந்து செய்திகள் எழுதப்பட வேண்டும்: இலக்கு, பள்ளியில் செய்வது, வீட்டில் செய்வது, முன்னேற்றத்தை அளக்கும் விதம், மறுபடி சந்திக்கும் நாள்.

“வாசிப்பை மேம்படுத்துதல்” என்று எழுதினால் அதை அளக்க வழியில்லை. “தற்போது நிமிடத்துக்கு 20 சொற்களைச் சரியாக வாசிக்கிறாள், எட்டு வாரத்தில் 30” என்று எழுதினால் அளக்கலாம். பள்ளிப் பக்கத்தில் நடக்கக்கூடியவை சிறியவையாகவே இருக்கும்: முன் வரிசையில் இடம், கேள்வியை வாசித்துக் காட்டுதல், கரும்பலகையில் உள்ளதை எழுதக் கூடுதல் நேரம், முன்னறிவிப்பின்றி எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதிருத்தல். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரிடம் தனியாக அரை மணி நேரம் கேட்பது நடக்காத காரியம். இரண்டு சிறு மாற்றங்களைக் கேட்டால் நடக்கும்.

ஒரே நேரத்தில் ஒரு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அன்றிரவே பேசியவற்றைச் சுருக்கி, நன்றியோடு ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, அதன் நகலைக் கோப்பில் வையுங்கள். பள்ளி என்ன முயன்றது, எந்தத் தேதியிலிருந்து முயன்றது என்பதற்குப் பின்னால் இதுவே சான்றாகும்.

7. வீட்டில் பதினைந்து நிமிடம்

நாளுக்குப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது.

வாசிப்புக்கு: பிள்ளையின் தற்போதைய நிலைக்கேற்ற, நூறு சொல்லில் ஐந்து பிழைக்கு மேல் வராத பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அது இரண்டு வகுப்பு கீழே உள்ள புத்தகமாக இருந்தாலும் தயங்க வேண்டாம். முதலில் இருவரும் சேர்ந்து உரக்க வாசியுங்கள், பிறகு பிள்ளை தனியாக வாசிக்கட்டும். தடுக்கினால் ஐந்து நொடி பொறுங்கள். பிறகும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிக்கொடுத்து, அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து நொடி எவ்வளவு நீளமானது என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மற்றப் பாடங்களுக்கு: மூன்று முறை படிக்கச் சொல்வதைக் காட்டிலும், ஒருமுறை படித்துப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ரோடிகர், கார்பிக் ஆகிய இரு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்தினார்கள். இரவு ஒப்பித்ததைக் காலையில் மறந்துவிடுகிறான் என்று புலம்புவோர் இதை முயன்று பார்க்கலாம்.

வீட்டுப்பாடத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு வகுப்பொன்றுக்குப் பத்து நிமிடம்: மூன்றாம் வகுப்புக்கு முப்பது நிமிடம். உங்கள் நேரப் பதிவில் அது இரண்டு மணி நேரமாக இருந்தால், அளவைப் பாதியாக்கித் தர முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்பது நியாயமான வேண்டுகோள். கவனம் சிதறும் பிள்ளைக்கு, ஆசிரியர் தினமும் மூன்று செயல்களுக்கு மட்டும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று டிக் செய்யும் சிறு அட்டை நன்றாக வேலை செய்யும். ஆனால் அதை வீட்டில் தண்டனைக்குப் பயன்படுத்தத் தொடங்கிய நாளோடு அட்டை காணாமல் போய்விடும்.

8. எட்டு வாரம் கழித்து அளந்து பாருங்கள்

தொடக்கத்தில் செய்த அதே சோதனையை, அதே அளவுக் கடினமான வேறு பத்தியைக் கொண்டு செய்யுங்கள். முன்னேற்றம் இருந்தால் இலக்கை உயர்த்தி இன்னொரு எட்டு வாரம். ஓரளவு மட்டும் இருந்தால் முறையை மாற்றுங்கள். அசைவே இல்லை என்றால் அடுத்த படிக்கு, அதாவது கற்றல் குறைபாடு உண்டா என்று கண்டறியும் மதிப்பீட்டுக்கு, செல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. “வளர வளரச் சரியாகிவிடும்” என்ற ஆறுதலை, அளவைக் காட்டாமல் யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

9. முறையான மதிப்பீடு

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, கற்றல் குறைபாடு என்று உறுதிசெய்ய, உரிய உதவி அளித்த பிறகும் சிரமம் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். உங்கள் ஒரு பக்கத் திட்டங்களும் அளவுகளும் இங்கேதான் கைகொடுக்கின்றன. அவை கையில் இருந்தால் மதிப்பிடுபவர் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லக்கூடும்.

பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மதிப்பிடுபவரின் தகுதி என்ன? அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பள்ளியும் தேர்வு வாரியமும் ஏற்குமா, அல்லது அரசு மருத்துவக் குழுவின் சான்றுதான் வேண்டுமா? அறிக்கை எத்தனை ஆண்டுக்குச் செல்லும்? எழுத்து வடிவ அறிக்கையும் அதை விளக்கும் சந்திப்பும் கட்டணத்தில் அடங்குமா? இரண்டாம் கேள்விக்கு முதலில் தேர்வு வாரியத்திடமே பதில் பெறுங்கள். பெரும் தொகை செலவழித்துத் தனியாரிடம் வாங்கிய அறிக்கை செல்லாது என்று திரும்பி வருவதுதான் இந்தப் பாதையில் நான் கண்ட மிக வேதனையான பொறி.

மதிப்பீடு ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று அமர்வுகள் ஆகலாம். காலை நேரத்தைக் கேளுங்கள். ஒரே நுண்ணறிவுத் தேர்வை ஓராண்டுக்குள் மறுபடி எடுத்தால் பழக்கத்தால் மதிப்பெண் உயர்ந்து முடிவு நம்பகம் இழக்கும். ஆகவே இடத்துக்கு இடம் போய்த் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் தீர்வு விற்பவர்களும் வருவார்கள். நிறக் கண்ணாடியாலோ கண் பயிற்சியாலோ டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவச் சங்கங்களும் 2009-இல் கூட்டாக அறிவித்தன. பிள்ளை ‘பார்த்துக் கற்பவனா, கேட்டுக் கற்பவனா’ என்று கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பதாகச் சொல்லும் தொகுப்புகளுக்கும் போதிய சான்று இல்லை. அந்தப் பணத்தை, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாகக் கற்பிக்கும் சிறப்புக் கல்வியாளருக்குக் கொடுங்கள்.

10. அறிக்கையைப் பள்ளியில் பயன்படுத்துதல், தேர்வுச் சலுகை கோருதல்

அறிக்கை இருபது பக்கம் இருக்கலாம். ஆசிரியர் படிக்கப்போவது ஒரு பக்கம். பரிந்துரைகளில் வகுப்பறையில் செய்யக்கூடிய ஐந்தை மட்டும் தனித்தாளில் எழுதி, முழு அறிக்கையின் நகலோடு இணைத்துக் கொடுங்கள். மூலத்தை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். கொடுத்த நாளைக் குறித்துப் பள்ளியின் ஒப்புதல் முத்திரை பெறுங்கள்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், கேள்வி வாசிப்பவர், எழுதுபவர் போன்ற சலுகைகள் தேவைப்பட்டால் தேர்வு ஆண்டின் முதல் மாதத்திலேயே பள்ளியிடம் விதிமுறையைக் கேட்டு, விண்ணப்பத்தின் கடைசி நாளை எழுதி வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, மருத்துவச் சான்று ஆகிய மூன்றிலும் பெயரின் எழுத்துக்கோவையும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இன்றே சரிபாருங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் விண்ணப்பம் நின்றுவிடும். பெயர் திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும். சலுகை கிடைத்தபின் பள்ளித் தேர்வுகளிலும் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள்; எழுதுபவரிடம் விடை சொல்வதற்கும் பயிற்சி வேண்டும்.

11. வகுப்பு மாறும்போது

புதிய ஆண்டில் புதிய ஆசிரியர் வருவார். பழைய ஆசிரியர் அறிந்ததெல்லாம் தானாகவே அவரிடம் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். ஆண்டின் கடைசி மாதத்தில், எது உதவியது, எது உதவவில்லை, இப்போதைய அளவு என்ன என்பதை வகுப்பாசிரியரையே அரைப் பக்கம் எழுதித் தரும்படி கேளுங்கள். அதைப் புதிய ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் ஒரு சந்திப்புக்கு நேரம் கேளுங்கள். கோடை விடுமுறைக்குப் பிறகு ஒரு நிமிட வாசிப்பை மீண்டும் அளந்து, அந்த எண்ணையும் அதே தாளின் அடியில் தேதியோடு எழுதிக் கொடுங்கள். விடுமுறையில் அளவு சற்றுக் குறைந்திருக்கலாம். புதிய ஆசிரியர் திட்டமிட வேண்டியது அந்த எண்ணிலிருந்துதான்.